புதுப் பனி

காஷ்மீரில் குல்மார்க் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அங்கே முழங்கால் அளவுக்குப் பனி விழும்.

பனி விழுந்த மறுநாள் விளையாட ஆட்கள் வருவார்கள். ரோப் காரில் உச்சிக்குப் போவார்கள். ஒரே பலகையில் இரண்டு கால்களையும் மாட்டிக்கொள்வார்கள். சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்குவார்கள். எனக்குப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும்!

புதுப் பனி பஞ்சு போல இருக்கும். ஆனால் அது பழைய பனியோடு உடனே ஒட்டாது. வைக்கோல் போர் சரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுபோல மலைப் பனியும் சரியும். ஓர் ஆள் மிதித்தாலே போதும். இதுதான் பனிச்சரிவு.

2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கில் பனி சரிந்தது. போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். பலரை மீட்டார்கள்.

பெரும் பனி விழுந்தால் காவல் குழுவினர் முதலில் சரிவைச் சோதிப்பார்கள். அதுவரை உச்சிக்கு ரோப் கார் ஓடாது. பலகையோடு கீழே காத்திருக்க வேண்டியதுதான்.