பேரனுக்கு வராதது பேச்சா, இங்கிலீஷா?

"வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினால் பேச்சு வந்துடுமா, டாக்டர்?" என்று ஒரு பாட்டியம்மா என்னிடம் கேட்டார். பேரனுக்கு ஐந்து வயது. நியூஜெர்சியில் பள்ளியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். 'ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையா என்று சோதிக்க வேண்டும், சம்மதக் கையெழுத்து போடுங்கள்' என்று கடிதம் வந்துவிட்டது. மகனும் மருமகளும் இடிந்து போயிருக்கிறார்கள்.

"தமிழில் எப்படிம்மா பேசறான்?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கறீங்க! நேத்து போன்ல, ஆனை ஏன் மரம் ஏறலைன்னு அரை மணி நேரம் கதை சொன்னான்."

மருந்துப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. (வசம்பைப் பார்சலில் அனுப்பும் பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: அதை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள்.)

புது மொழிக்குள் விழுந்த குழந்தை சில மாதம் மௌனமாகக் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்து இங்கிலீஷ் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம்.

அங்கே இரண்டு விதச் சோதனைகள் உண்டு. பெற்றோர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போதே 'வீட்டில் என்ன மொழி?' என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால், பையனுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று பார்ப்பார்கள். பிறகு வருடா வருடம் கேட்டல், பேசல், படித்தல், எழுதல் நான்கிலும் தேர்வு. நியூஜெர்சியில் நடக்கும் வைடா தேர்வில் 1 முதல் 6 வரை நிலைகள். 1 வாங்கினால் இங்கிலீஷ் இப்போதுதான் ஆரம்பம் என்று அர்த்தம். மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குறைபாடு உண்டா என்று பார்ப்பது வேறு சோதனை.

இந்த இரண்டையும் பள்ளிக்கூடங்களே குழப்பிய காலம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளுக்கு இங்கிலீஷில் அறிவுச் சோதனை வைத்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஸ்பானிஷில் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்ல என்று தெரிந்தது! டயானா வழக்கு என்று பெயர். 1970-ல் சமரசமாக முடிந்தது. இன்றைய சட்டப்படி, முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில்தான் சோதிக்க வேண்டும். இங்கிலீஷ் போதவில்லை என்பதையே முக்கியக் காரணமாக வைத்துக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் முதல் சோதனையே கிடையாது. காசும் கிடையாது.

அப்படியானால் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடலாமா? கூடாது. எனக்கு அதிகக் கவலை தருவது இந்த எதிர்த் தவறுதான். 'இங்கிலீஷ் வந்தா எல்லாம் சரியாகிடும்' என்று வருடக்கணக்கில் காத்திருந்து, நிஜமாகவே உதவி தேவைப்பட்ட குழந்தையைக் கோட்டை விடுபவர்களும் உண்டு. ஸ்பெஷல் எஜுகேஷனில் சேர்த்தால் இங்கிலீஷ் உதவி நின்றுபோகும் என்ற பயமும் வேண்டாம். தேவையிருந்தால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜமான பேச்சுக் குறை தமிழிலும் தெரியும். முதல் வார்த்தை எந்த வயதில் வந்தது? 'செருப்பை எடுத்துவந்து அப்பாகிட்ட குடு' என்றால் இரண்டு வேலையையும் செய்கிறானா? நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறானா? தமிழிலும் திணறினால் தாமதிக்காதீர்கள். காது கேட்கிறதா என்பதையும் உடனே பார்த்துவிடுங்கள். 'டூ பென்சில்' என்று சொன்னால் பதற வேண்டாம். 'ரெண்டு பென்சில்' என்றுதானே நாமும் சொல்கிறோம்!

குழந்தை பழக வேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். பெற்றோருக்குத் தடையில்லாமல் வரும் பேச்சுதான் குழந்தைக்கு நல்ல தீனி. குறைபாடுள்ள குழந்தைக்கும் இரண்டு மொழி பாரமில்லை.

பாட்டியம்மாவிடம் ஆனைக் கதையைச் செல்போனில் பதிவு செய்யச் சொன்னேன். மருமகள் அதைப் பள்ளிக்குக் கொடுத்து, தமிழ் தெரிந்தவரை வைத்துச் சோதிக்கும்படி எழுதிக் கேட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறார். சோதனை அடுத்த மாதம்.