கவனம் எனும் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

நாம் வாழ்வது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு நமக்கு இல்லை. குண்டாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கண்மாயில் தங்கினால்தான் வயலுக்குத் தண்ணீர். அதனால்தான் கண்மாய் நிறைந்த நாட்களில் பெரியவர்கள் கரையைச் சுற்றி வந்து நண்டு வளை இருக்கிறதா என்று தேடினார்கள். மடை திறந்திருந்தால் எல்லோருக்கும் தெரியும். வளை வழியே கசிகிற நீர் யாருக்கும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கரையே போய்விடும்.

அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கும் நேரமும் கவனமும் அந்தக் கண்மாய்த் தண்ணீரைப் போன்றவைதான். அளவோடு வந்தவை, போனால் திரும்பாதவை. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் ஆகிய இரண்டு அருட்கொடைகளில்தான் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்து நஷ்டமடைகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி 6412).

இன்று அந்த நஷ்டம் எங்கே நடக்கிறது? நம் சட்டைப் பையில். 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் மலிவானது. கைபேசி எல்லா வீட்டுக்கும் வந்தது. ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தேவையில்லாமல் அதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 730 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்தால் முழுதாக 30 நாட்கள். ஒரு ரமளான் மாதம் அளவுக்கு நேரம், ஒவ்வோர் ஆண்டும், கணக்கில் வராமல் கசிந்துபோகிறது!

"அஞ்சு நிமிஷம்தானே" என்றுதான் எடுக்கிறோம். ஆனால் நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அந்த அளவுக்கு விளம்பர வருமானம் வருகிறது என்பதால், அந்தச் செயலிகள் முடிவே இல்லாதபடி வடிவமைக்கப்பட்டுள்ளன. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்குக் கிடையாது. "மனசைக் கட்டுப்படுத்திக்கொள்வேன்" என்று சொல்லிக்கொண்டே தோற்றுப்போகிறோம்.

இதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் வழிகாட்டுதல் இருக்கிறது. ஒருமுறை அவர்கள் வேலைப்பாடுள்ள ஓர் ஆடையை அணிந்து தொழுதார்கள். தொழுகையில் அந்த வேலைப்பாட்டின் மீது ஒரே ஒரு பார்வை விழுந்தது. தொழுது முடித்ததும், அந்த ஆடை தம் கவனத்தை ஈர்த்துவிட்டது என்று சொல்லி, அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, வேலைப்பாடில்லாத அவரது ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள் (புகாரி 373).

சிந்தித்துப் பாருங்கள். அந்த ஆடை ஹராமானது அல்ல. அதை அணிந்திருந்தவர்களோ, நம் எல்லோரையும்விட உள்ளச்சம் மிகுந்த அல்லாஹ்வின் தூதர். அவர்களே, "அடுத்த முறை பார்க்காமல் இருந்துகொள்வேன்" என்று விட்டுவிடவில்லை. கவனத்தைக் கலைத்த பொருளையே அகற்றினார்கள். நம் ஊரில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். அறுந்த ஓர் இழையைக் கவனிக்காமல் விட்டால், அந்தக் குறை துணியோடு நீண்டுகொண்டே போகும். உடனே நிறுத்தி முடிச்சுப் போடுகிறவர்தான் நல்ல நெசவாளி.

ஜும்ஆ உரையின்போது தரையில் கிடக்கும் பொடிக்கற்களைத் தொட்டு விளையாடுவதைக்கூட வீண் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (முஸ்லிம் 857). இமாம் மிம்பரில் நிற்கும்போது வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பவர், தம் கையில் இருப்பது அந்தப் பொடிக்கல்லைவிடப் பெரியதா சிறியதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைபேசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளைகுடாவில் இருக்கிற மகனின் முகத்தைத் தாய் பார்ப்பது அதில்தான். கடை வியாபாரமும் பிள்ளைகளின் படிப்பும் அதில் நடக்கின்றன. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தாய்க்குத் தலை நிமிராமல் "ம்" என்று பதில் சொல்கிற மகனும் அதே கைபேசியால்தான் உருவாகிறான். நபி (ஸல்) அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவார்கள். நம் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் அந்த முழுத் திரும்பல் கிடைக்கிறதா?

ஆகவே, இந்த வாரமே நான்கு காரியங்களைத் தொடங்குவோம்.

ஒன்று: இரவில் கைபேசியைத் தலையணைக்கு அருகில் வைக்காமல் வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். ஃபஜ்ருக்கு எழ ஒரு அலாரம் கடிகாரம் போதும்.

இரண்டு: ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் கைபேசியைத் தொடாதீர்கள். தம் சமுதாயத்தின் அதிகாலை நேரத்தில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பி, செல்வந்தரானார்கள் (அபூதாவூத் 2606). அந்த நேரத்தைக் குர்ஆனுக்கும், படிப்புக்கும், கடினமான வேலைக்கும் கொடுங்கள்.

மூன்று: ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் இடையில் ஒரு முக்கியமான வேலையை முடிவு செய்துகொண்டு, அது முடியும்வரை அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி வையுங்கள். அல்லாஹ்வே நம் நாளை ஐந்து வக்துகளாகப் பிரித்துத் தந்திருக்கிறான்.

நான்கு: சாப்பிடும் இடத்திலும் பள்ளிவாசலிலும் கைபேசி வேண்டாம். இதைத் தந்தைதான் முதலில் செய்ய வேண்டும். நாம் கையில் வைத்துக்கொண்டே பிள்ளையைக் கண்டித்தால் அவன் கேட்கமாட்டான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது. இன்று ஒரு வளையை அடைப்போம். நாளை இன்னொன்றை அடைப்போம். வாழ்நாளை எப்படிக் கழித்தாய் என்று மறுமையில் கேட்கப்படும்போது, காட்டுவதற்கு நம் கண்மாயில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்க வேண்டாமா?

யா அல்லாஹ்! எங்கள் நேரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் தொழுகையில் உள்ளச்சத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை வீணானவற்றிலிருந்து காப்பாயாக! எங்கள் வறண்ட பூமிக்குப் பயனுள்ள மழையையும், எங்கள் உள்ளங்களுக்கு உன் நினைவையும் தந்தருள்வாயாக! ஆமீன்.