சினையா, பொய்ச்சினையா? ஆடு வளர்ப்போர் அறிய வேண்டியவை

ஆடு வளர்ப்பு தோட்டப்புற மக்களுக்குப் புதிய தொழிலன்று. காலையில் பால்மரம் சீவி, பாலெடுத்து, வீடு திரும்பிய பின் ஒரு கட்டுத் தழை அறுத்து வந்து ஆட்டுக்கு இடும் வழக்கம் நம் பெற்றோர் காலந்தொட்டு இருந்து வருகிறது. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் அல்மா போன்ற பழைய ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆயினும், ஆடு வளர்ப்பு ஒரு குடும்பத்திற்குத் தரக்கூடிய துணை வருமானத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், தீபாவளிச் செலவுக்கும் இரண்டு குட்டிகளின் விலை பெரிதும் கைகொடுக்கும்.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெட்டை ஆடு கிடாயுடன் சேர்ந்தது. பிறகு பருவத்துக்கு வரவில்லை. வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. வீட்டினர் மகிழ்ந்து, புண்ணாக்கும் தவிடும் வாங்கி ஐந்து மாத காலம் ஊட்டினர். ஒருநாள் காலையில் கொட்டகைத் தரை முழுவதும் நனைந்திருந்தது. ஆட்டின் வயிறு ஒட்டிவிட்டது. குட்டியும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. யாரோ குட்டியைத் திருடிவிட்டனர் என்றும், கண்ணேறு பட்டுவிட்டது என்றும் வீட்டினர் எண்ணினர். உண்மையில் அந்த ஆட்டின் வயிற்றில் குட்டியே இருக்கவில்லை. இருந்தது வெறும் நீர். இதற்குப் பொய்ச்சினை என்று பெயர்.

பொய்ச்சினை எவ்வாறு உண்டாகிறது?

பெட்டை ஆடு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்தின்போதும் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியாகிறது. அது வெளியான இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கட்டி தோன்றி, புரோஜெஸ்டிரோன் எனும் உட்சுரப்பு நீரைச் சுரக்கிறது. 'கருப்பையில் குட்டி வளர்கிறது, மறுபருவம் வேண்டாம்' என்று உடலுக்கு அறிவிப்பது இந்தச் சுரப்பு நீரேயாகும்.

ஆடு சினைப்படாவிட்டால் அந்த மஞ்சள் கட்டி இரண்டு வார அளவில் கரைந்து, மீண்டும் பருவம் வரும். சினைப்பட்டால் கட்டி கரையாமல் நின்று, ஈனும் நாள் வரை சினையைக் காக்கும். சில ஆடுகளில் மட்டும், கரு இல்லாமலேயே, அல்லது கரு தொடக்கத்திலேயே அழிந்துபோன பின்னரும், கட்டி கரையாமல் நின்றுவிடுகிறது. உடல் ஏமாந்து போகிறது. பருவம் வருவதில்லை. கருப்பையில் நீர் சிறிது சிறிதாகச் சேர்ந்து பல லிட்டர் அளவுக்கும் பெருகக்கூடும். கிடாயுடன் சேராத ஆட்டுக்கும் இந்நிலை வருவதுண்டு. வயது முதிர்ந்த ஆடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

நம்பக் கூடாத அடையாளங்கள்

முதலாவது, பருவம் வராமை. இது சினைக்கும் பொய்ச்சினைக்கும் பொதுவானது. நோய், சத்துக்குறைவு ஆகியவற்றாலும் பருவம் தவறலாம்.

இரண்டாவது, வயிறு பெருத்தல். நீர் சேர்ந்த வயிறும் குட்டி வளரும் வயிறும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவிர, ஆட்டின் இடப்புறத்தில் இரைப்பை உள்ளது. வயிறு நிறையத் தழை தின்ற ஆடு இடப்புறம் பெருத்துக் காணப்படும். அதைச் சினை என்று கொள்வது தவறு.

மூன்றாவது, மடி இறங்குதல். பொய்ச்சினையிலும் சில ஆடுகளுக்கு மடி சற்றுப் பருத்து, பாலும் ஊறுவதுண்டு.

நான்காவது, சுரப்பு நீர்ச் சோதனை. பாலிலோ இரத்தத்திலோ புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்துச் சினை என்று முடிவு செய்வதும் போதாது. இரு நிலைகளிலும் அந்த அளவு உயர்ந்தே இருக்கும்.

நம்பத்தக்க வழிகள்

சினையை உறுதியாக அறிய இன்று சிறந்த வழி ஸ்கேன் எனப்படும் ஒலியலைச் சோதனை. கிடாயுடன் சேர்ந்த 40 முதல் 45 நாட்களுக்குப் பின் கால்நடை மருத்துவர் இச்சோதனையைச் செய்தால், குட்டியின் உருவமும் இதயத் துடிப்பும் திரையில் தெரியும். குட்டியைக் கருப்பையோடு இணைக்கும் பொத்தான் போன்ற தசைகளும் தெரியும். பொய்ச்சினையாயின் மெல்லிய சுவர்களுக்கு இடையே கருமையாக நீர் மட்டுமே தோன்றும். மிகவும் முன்கூட்டிச் சோதித்தால் இளஞ்சினையின் நீரைப் பொய்ச்சினை நீர் என்று தவறாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஐயம் இருப்பின் சில நாட்கள் கழித்து மறுபடியும் சோதிப்பதே முறை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இது நான்காம் மாதத்திலிருந்துதான் பயன்படும். காலையில் தீனி இடுவதற்கு முன் ஆட்டை அமைதியாக நிறுத்துங்கள். வலப்புற அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து மெதுவாக உள்நோக்கி அழுத்தி விடுங்கள். குட்டி இருந்தால், கடினமான ஒரு பொருள் விலகிச் சென்று மீண்டும் கையில் வந்து மோதுவதை உணரலாம். கடைசி வாரங்களில் ஆடு படுத்திருக்கும்போது வலப்புற விலாவில் குட்டி துள்ளுவதையும் காணலாம். ஓங்கி அழுத்துதல் கூடாது. கையில் எதுவும் தட்டுப்படாததால் மட்டும் குட்டி இல்லை என்று முடிவு செய்தலும் கூடாது.

தேதி எழுதுவதன் பயன்

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். ஐந்து நாட்கள் முன்பின் ஆகலாம். ஜனவரி முதல் தேதி கிடாயுடன் சேர்த்த ஆட்டை, ஜனவரி 22 வாக்கில் மறுபருவம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பிப்ரவரி 10-க்குப் பின் ஸ்கேன் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். மே மாதக் கடைசியில் ஈனுதலை எதிர்பார்க்கலாம். இந்த மூன்று தேதிகளையும் கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கிடாயை எப்போதும் மந்தையோடு விட்டு வைப்பவர்களுக்குச் சேர்ந்த நாள் தெரியாது. நாள் தெரியாவிட்டால் மற்றக் கணக்குகளும் தவறிப்போகும்.

இக்கணக்கு தீனிக்கும் இன்றியமையாதது. குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில் நடைபெறுகிறது. அப்போது உண்மையான சினையாட்டுக்கு, அதிலும் இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு, சத்துத் தீனி குறைந்தால் ஆடு நோயுற்று மடியவும் கூடும். பொய்ச்சினை ஆட்டுக்கு அதே தீனியை ஊட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். எனவே உண்மையை அறியாதிருப்பது இருபுறமும் நட்டமே.

சிகிச்சையில் எச்சரிக்கை

பொய்ச்சினைக்குச் சிகிச்சை உண்டு. கால்நடை மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் எனும் ஊசி மருந்தைச் செலுத்தினால் மஞ்சள் கட்டி கரைந்து, கருப்பை நீர் வெளியேறிவிடும். தேவை எனக் கண்டால் சில நாட்கள் கழித்து இரண்டாம் ஊசியும் போடப்படும். அதன்பின் ஆடு பருவத்துக்கு வந்து, மீண்டும் சினைப்பட வாய்ப்பு உண்டு. ஆயினும் சில ஆடுகளில் பொய்ச்சினை திரும்பவும் வருவதுண்டு.

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. பொய்ச்சினையைக் கலைக்கும் இதே ஊசி உண்மைச் சினையையும் கலைத்துவிடும். ஆட்டின் சினை கடைசி நாள் வரை அந்த மஞ்சள் கட்டியையே நம்பியிருக்கிறது. ஆகவே, ஸ்கேன் சோதனையால் உறுதி செய்யாமல், பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்டோ கைவசம் மருந்து இருக்கிறது என்றோ ஊசி போடுதல் கூடாது. நன்றாக வளர்ந்து வரும் இரண்டு குட்டிகளை நம் கையாலேயே அழித்தவர்களாவோம். இம்மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். எனவே கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா நோயாளிகளும் இதைக் கையால் தொடவே கூடாது.

நீர் வெளியேறிய நாளில்

சிகிச்சை இன்றியும் பொய்ச்சினை தானாகக் கலைவதுண்டு. அப்போது பெருமளவு நீர் வெளியாகி, வாலும் பின்னங்கால்களும் நனைந்திருக்கும். குட்டியோ நஞ்சுக்கொடியோ வெளிவராது.

ஆனால் ஆடு நெடுநேரம் முக்கியும் குட்டி வெளிவராவிட்டால், அது பொய்ச்சினை அன்று. ஈனுவதில் ஏற்பட்ட தடை. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். முதிராத குட்டியோ சவ்வுத் துண்டுகளோ வெளிவந்தால் அது கருச்சிதைவு. கருச்சிதைவு புருசெல்லா போன்ற தொற்றுக் கிருமியால் ஏற்படலாம். அக்கிருமி மனிதரையும் தாக்கும். வெறுங்கையால் எதையும் தொடாமல், அந்த ஆட்டைத் தனியே கட்டி, கால்நடை இலாகாவுக்குத் தெரிவிப்பது கடமை. பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலை அருந்தியதை ஒட்டிப் பரவிய புருசெல்லா நோயில் 79 பேருக்குத் தொற்று உறுதியானதை 2015-இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவு செய்துள்ளது. ஆகையால் எந்த ஆட்டின் பாலையும் நன்கு காய்ச்சியே பருக வேண்டும்.

பிற விலங்குகளில்

பொய்ச்சினை ஆட்டுக்கு மட்டும் உரியதன்று. முயல் இணைசேர்வதால் தூண்டப்பட்டே கருமுட்டையை வெளியிடும் விலங்கு. இணைசேர்ந்தும் கரு நிலைக்காவிட்டால் சுமார் 16, 17 நாட்கள் பொய்ச்சினையில் இருக்கும். சினைக்காலம் 31 நாட்கள். எனவே மூன்றாம் வாரத்திலேயே முயல் தன் மயிரைப் பிய்த்துக் கூடு கட்டினால் அது பொய்ச்சினை என்று ஐயுறலாம். பெண் நாய்களுக்கும் பருவம் முடிந்த இரண்டு மாத அளவில், குட்டி போடாமலேயே பால் சுரப்பதுண்டு. மேனாடுகளில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டு வந்த பெரட் எனும் கீரி போன்ற விலங்குக்குச் சினையும் பொய்ச்சினையும் ஏறக்குறைய 42 நாட்களே நீடிக்கும். அங்கே நாட்கணக்கு மட்டும் பயன்படாது, சோதனையே வழி. ஆட்டின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

முடிவாக

கிடாயுடன் சேர்த்த நாளைக் குறியுங்கள். மூன்று வாரத்தில் மறுபருவத்தைக் கவனியுங்கள். ஆறு வாரம் கடந்ததும் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். உறுதியாகும் வரை எந்த ஊசியும் வேண்டாம். ஐயம் எழுந்தால் உங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அணுகுங்கள். புக்கிட் மெர்தாஜாமை அடுத்துள்ள புக்கிட் தெங்காவில் கால்நடை இலாகாவின் வட்டார ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

கொட்டகையில் நிற்கும் ஆடு உழைப்பாளியின் சேமிப்பாகும். அச்சேமிப்பு வளர்கிறதா, வெறும் நீராக நிற்கிறதா என்பதை ஐந்து மாதம் காத்திருந்து அறிவதைவிட, ஆறு வாரத்தில் அறிந்துகொள்வதே அறிவுடைமை.