நகர நீர்ச்சட்டமும் நம்மூர் ஆறும்

நீரைச் சிக்கனமாகச் செலவிடுக என்று நகரமக்களுக்கு விதி வகுக்கும்போதெல்லாம், "முதலில் தெருக்குழாயின் ஒழுக்கை அடையுங்கள்" என்னும் மறுமொழி எழுவது வழக்கம். இதனை வீண் வம்பென்று தள்ளுவோரும் உளர். வேதவாக்காகக் கொள்வோரும் உளர். கைமுறுக்கால் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் நகரை நோக்கும் நமக்கு இவ்வழக்கு அயலார் வழக்கன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் விதியை ஆராய்வோம். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் பிறந்த அவசரச் சட்டம், புதுக்கட்டிடங்களேயன்றி முன்னரே எழுந்தவையும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைப் பெறுதல் வேண்டுமென விதித்தது. பெறாத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் இடந்தந்தது. கடுமை மிகுதி என்று எண்ணுவோர் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்யின் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் சேரும். பாதாளச் சாக்கடையுள்ள நகரில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்பது நம் நாட்டுப் பொறியாளர் வகுத்த அளவு. ஆகவே ஒரு மாலை மழையானது ஏறக்குறைய ஏழுபேர்க்கு ஒருநாள் நீராகும். ஆனால் வடிகுழியின் மணலையும் கூழாங்கல்லையும் அவ்வப்போது கழுவி இடாவிடின் குழி தூர்ந்துபோம். அதிகாரிக்குக் காட்டுவதற்கென்றே தோண்டிய குழி நீரை விழுங்காது.

இனி மறுபக்கம். பத்து மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்திலுள்ள குழாயில் 5 மில்லிமீட்டர் அகலத்துளை ஒன்று விழுந்தால், நாள் முழுதும் நீர் ஓடுமிடத்து, சுமார் 14,000 லிட்டர் மண்ணில் இறங்கிவிடும். அது நூறுபேர்க்குரிய பங்கு! தீங்கு இதனோடு நில்லாது. நீரை இடைவிட்டுத் திறக்கும் ஊர்களில், குழாய் வெறுமையாயிருக்கும் வேளையில் அதே துளைவழி அயலிலுள்ள சாக்கடை நீர் உட்புகும். மறுநாள் குழாயில் முதலில் வருவது அந்நீரே. எனவே தெருவிலுள்ளார் கூச்சலிடுவதில் நியாயம் இல்லையென்று யார் சொல்வார்?

கம்போடிய நாட்டுத் தலைநகராகிய நோம்பென்னில் 1993-இல் நூற்றுக்கு எழுபது பங்குக்குமேல் நீர் ஒழுக்காலும் களவாலும் கணக்கிற்கு வாராது போயிற்று. பழைய குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் பொருத்தி, செல்வாக்குள்ளோரிடத்தும் கட்டணம் தண்டி, 2010-க்குள் அதனைப் பத்துக்குங் கீழே கொணர்ந்தனர். நம் நாட்டிலோ 2008-இல் மத்திய அரசு குறித்த இலக்கு நூற்றுக்கு இருபது.

பழுதடைவது இரும்புக்குழாய் மட்டுமன்று. சேலத்தின் தாகந்தீர்க்க 1911-இல் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரி நமக்கு அண்மையிலேயே உள்ளது. மேட்டூர்க் காவிரிநீர் நகருக்கு வரத் தொடங்கியபின் அவ்வேரியை நினைப்பார் குறைந்தனர். சீமைக்கருவேலங்காடு அதனைப் பல்லாண்டு மூடிக்கிடந்தது. தொலைவிலிருந்து வரும் நீரின்மேல் வைத்த நம்பிக்கை, அருகிலிருந்த ஏரியைக் கெடுத்தது என்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் காரணத்துக்கு வருவோம். சேர்வராயன் மலையிற் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தினூடே பாய்ந்து, நம் பக்கமாக வந்து, நாமக்கல் நாட்டைக் கடந்து காவிரியிற் கலக்கிறது. நகரின் சாக்கடையும் சாயக்கழிவும் அதிற் கலந்தமை இப்பக்கத்து உழவர் நெடுங்காலமாக அறிந்த துயரம். ஒருவர் பெறும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாய் வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. 135 லிட்டரில் 108 லிட்டர்! அதிற் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேராத பங்கு ஆற்றைத் தேடி வரும்.

ஆதலின் நகரத்தார் வாதத்தில் ஒரு பிழை காண்கிறோம். தெருக்குழாய் ஒழுக்கை அடைத்தால் நகருக்கு நீர் மிகும்; நம் ஆற்றுக்கு வரும் சாக்கடை அதனாற் குறையாது. வீட்டினுள்ளே ஒரு குடம் நீர் மிச்சப்பட்டாலோ ஏறக்குறைய அவ்வளவு கழிவும் குறையும். அடைக்கவேண்டியதை நகராட்சி அடைக்கும்வரை நாங்கள் காத்திருப்போம் என்று மேல்நகரத்தார் சொல்லும் ஒவ்வோராண்டும், கீழ்க்கரையிலுள்ள கிணறுகள் அவர்தம் கழிவைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன.