சட்டக் கல்லூரியில் முதல் வருடமா? சீனியர் துணை தேடுங்கள்!

2019-ல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தபின், சுற்றுவட்டார மாணவர்கள் சொந்த மாவட்டத்திலேயே சட்டம் படிக்க முடிகிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களை முதலில் மிரட்டுவது ஆங்கிலச் சட்டச் சொற்கள்தான். அங்கே சீனியர்கள் கைகொடுக்கலாம்.

● வாரம் ஒரு மணி நேரம், ஒரு சீனியரோடு இரண்டு மூன்று ஜூனியர்கள் உட்காருங்கள்.

● ஒரு தீர்ப்பை எடுத்து, நடந்த சம்பவம், சட்டக் கேள்வி, முடிவு, காரணம் என நான்காகப் பிரித்துத் தமிழில் பேசிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

● பழைய நோட்ஸ் வாங்கினால் கவனம்! 1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை 302-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது 103.

● மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு முன் சீனியர் எதிரில் ஒருமுறை வாதாடுங்கள்.

● வழிகாட்டுதல் ராகிங்காக மாறினால் தயங்காமல் 1800-180-5522 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.