அமெரிக்கா காசு கொடுத்தது கம்ப்யூட்டருக்கா?

2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் 'ஹைடெக்' என்றொரு பகுதி இருந்தது. காகிதக் கோப்பிலிருந்து மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறும் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அரசே பணம் தரும் என்றது அது. நம் மத்திய அரசும் 2023-இல், 'ஆபா' என்ற சுகாதார அடையாள எண்ணோடு இணைக்கப்படும் மருத்துவப் பதிவுகளுக்கு ஊக்கத்தொகை தரத் தொடங்கியது. எனவே அமெரிக்கக் கதையைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

"மென்பொருள் வாங்கிய பில்லைக் காட்டினால் பணம் வந்துவிடும்."

அவ்வளவு சுலபமில்லை. முதியோருக்கான 'மெடிகேர்' வழியில் ஒரு டாக்டருக்கு 5 ஆண்டுகளில் அதிகபட்சம் 44,000 டாலர் கிடைத்தது. அதற்கு மென்பொருளைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் தொடர்ந்து 90 நாள். மருந்துச்சீட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் கணினி வழியாகவே மருந்துக்கடைக்குப் போக வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் புகைப்பழக்கம் உண்டா, இல்லையா என்று பதிந்திருக்க வேண்டும். இப்படி நிபந்தனைகள் நீண்டன. ஏழைகளுக்கான 'மெடிகெய்டு' வழியில் மட்டும் கொஞ்சம் தாராளம்: மென்பொருளை வாங்கினாலோ நிறுவினாலோ முதல் ஆண்டுத் தொகையான 21,250 டாலர் கைக்கு வந்தது. பில் கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாறாதவர்களுக்கு 2015 முதல் மெடிகேர் கட்டணத்திலேயே கை வைத்தார்கள். முதலில் 1 சதவீதம், பிறகு 2, பிறகு 3.

"மருத்துவத்துறை முழுவதற்கும் கிடைத்தது."

இல்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களும் மனநல மருத்துவமனைகளும் பட்டியலிலேயே கிடையாது.

"பதிவு கணினிக்குள் போய்விட்டால், நோயாளி எங்கே போனாலும் கூடவே வரும்."

இதுதான் பெரிய ஏமாற்றம். 2008-இல் பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில்கூட அடிப்படை மின்பதிவு முறை இல்லை. 2015-இல் 96 சதவீத ஆஸ்பத்திரிகளிடம் சான்று பெற்ற மென்பொருள் இருந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் இருப்பதை இன்னொன்றால் சரியாகப் படிக்க முடியவில்லை. இங்கே கணினியில் இருந்ததைத் தாளில் அச்சடித்து, ஃபேக்ஸில் அனுப்பி, அங்கே மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, தொடக்கத்தில் பணம் பெரும்பாலும் அவரவர் சுவருக்குள் பயன்படுத்தியதற்குத்தான் தரப்பட்டது. தகவலை வேண்டுமென்றே முடக்கிவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2016-இல்தான் வந்தது.

நோயாளி தன் பதிவைத் தானே இணையத்தில் பார்க்க வேண்டும் என்ற விதியின் கதை இன்னும் வேடிக்கை. ஊக்கத்தொகைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 5 சதவீத நோயாளிகளாவது பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். நோயாளி பார்க்காததற்கு நாங்களா பொறுப்பு என்று டாக்டர்கள் கொதித்தார்கள். 2015-இல் அதைத் தளர்த்தி, ஒரே ஒரு நோயாளி பார்த்தாலும் போதும் என்று ஆக்கிவிட்டார்கள்!

"அரசு சான்று பெற்ற மென்பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்."

ஊக்கத்தொகை வேண்டுமானால் சான்று பெற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதனால் சான்றுக்குப் பெரும் மவுசு. ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற நிறுவனம் இதில் சிக்கியது. முழு மருந்துப் பட்டியலிலிருந்து எந்த மருந்தின் குறியீட்டையும் எடுத்துத் தரும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும். இவர்களோ சோதனைக்குத் தேவையான 16 குறியீடுகளை மட்டும் நிரலுக்குள் நேராகத் தட்டிவைத்துத் தேறினார்கள் என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. தேர்வுக்கு வரும் கேள்விக்கு மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவன் கதைதான். 2017-இல் 15.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

2020-இல் பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் இதைவிட மோசம். ஓபியாய்டு வலிமருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த வகை மருந்தை எழுதத் தூண்டும் அறிவிப்பை டாக்டரின் திரையில் வரவைத்ததை அது ஒப்புக்கொண்டது. கட்டியது 14.5 கோடி டாலர். அரசுச் சான்று அந்த மென்பொருளுக்கும் இருந்தது.