முதலில் மாடிக்கு ஏறுங்கள்

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெரியப்பாவின் ஆசிகள்.

திருச்சியில் பழைய வீடு வாங்கிப் பால் காய்ச்சியதில் பெரியம்மாவுக்கும் எனக்கும் நிறைந்த சந்தோஷம். செய்ய வேண்டிய வேலைகள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன் அம்மா. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், ஹாலுக்குப் புது டைல்ஸ். கடைசி வரியில் ‘மேல்தளத்தில் லேசாக ஓதம்’. அந்தக் கடைசி வரிதான் முதலில் வரவேண்டும்.

ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடுகளின் இடுக்கு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய மூன்றையும் கொத்தனாரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். நாலு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் வாட்டம் சரியா என்பது தெரிந்துவிடும். கசிவை நிறுத்தாமல் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் மழைக்காலம் முடிவதற்குள் உதிரும். அதன்கீழ் ஃபால்ஸ் சீலிங் போடுவது இன்னும் மோசம். ஈரத்தில் தளத்தின் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பெயர்ப்பது கண்ணுக்கே தெரியாது. மழைநீர் சேகரிப்புக் குழியையும் திறந்து பாருங்கள். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன.

அடுத்தது மின்சாரம். முப்பது வருடத்துக்கு முன் ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் கணக்குப் போட்டு இழுத்த வயர், ஏ.சி.யையும் கீசரையும் தாங்காது. அவை ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மி.மீ. வயரும் தனி எம்.சி.பி.யும் கேளுங்கள். எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். எம்.சி.பி. காப்பது வயரை, ஷாக் அடித்தால் ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். வயரும் பைப்பும் சுவருக்குள் போன பிறகே டைல்ஸ். குளியலறையில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்க்க மாப்பிள்ளை ஆசைப்படுவதாகச் சொன்னாய். 9 அங்குலச் சுவர் என்றால் தளத்தின் பாரம் அதன்மேல் இருக்கலாம். 4½ அங்குலம் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான்; ஆனாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் கடப்பாரை படக்கூடாது. மேஸ்திரியின் ‘ஒண்ணும் ஆகாது சார்’ போதாது.

மாப்பிள்ளை கையாலேயே செய்யவும் வேலை நிறைய உண்டு. குழாய் வாஷர் மாற்றலாம், கிரில்லைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், திரைச்சீலைக் கம்பி மாட்டலாம். டிரில் போடும்போது மட்டும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வேண்டாம். வயர் போகும் பாதை அது.

லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா, சதுர அடிக்கு என்ன ரேட் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வேலை நகர நகரப் பணம் கொடுத்து, கடைசித் தவணையை எல்லாம் சரிபார்த்த பிறகு கொடுங்கள். அழகு வேலைக்காகப் பர்சனல் லோன் எடுக்க வேண்டாம். வீட்டுக்கடன் தவணையே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

கிச்சனும் சீலிங்கும் அடுத்த வருடம் வரட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கொத்தனாரை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, அவர் சொன்னதை எனக்கு ஃபோனில் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரியப்பா